உலகப் பொது வானொலிகளின் நல்ல பாட்காஸ்ட்களைத் தேடிப் பிடிக்கும் வழி

பாட்காஸ்ட் செயலி எதைத் திறந்தாலும் முதலில் வந்து நிற்பது 'அதிகம் கேட்கப்படுபவை' என்ற பட்டியல்தான். அண்மை நாட்களில் உங்கள் நாட்டில் எதை அதிகம் பேர் புதிதாகப் பின்தொடரத் தொடங்கினார்கள் என்பதைத்தான் பெரும்பாலும் அப்பட்டியல் காட்டுகிறதே தவிர, எது கேட்கத் தகுந்தது என்பதைக் காட்டுவதில்லை. ஐம்பது ஆண்டுகளாக வாரந்தோறும் ஒலிபரப்பாகி, கேட்க வேண்டியவர்கள் எல்லாம் ஏற்கெனவே பின்தொடர்ந்துவிட்ட ஒரு வானொலி நிகழ்ச்சி அதன் மேல்வரிசைக்கு வருவது அரிது. நேற்றுத் தொடங்கிய ஒரு பிரபலத்தின் அரட்டை எளிதில் வந்துவிடும். ஆகவே பொது வானொலிகளின் நிகழ்ச்சிகளைத் தேடுபவர் செயலியின் முகப்பிலிருந்து தொடங்கக் கூடாது. முதலில் நிலையம், அடுத்து நிகழ்ச்சி, அதற்கும் அடுத்து அதைத் தயாரிக்கும் ஆட்கள் என்ற வரிசையில் போக வேண்டும். செயலி கடைசியில் வந்தால் போதும்; அது வெறும் வானொலிப் பெட்டிதான்.

தொடங்கும் முன் ஒன்று. இக்கட்டுரையில் தமிழ் எழுத்தில் தந்திருக்கும் நிகழ்ச்சிப் பெயர்களைத் தேடும்போது அந்தந்த மொழியின் எழுத்திலேயே தட்டச்சு செய்யுங்கள். தமிழில் தட்டச்சு செய்தால் பெரும்பாலும் எதுவும் கிடைக்காது.

எது பொது வானொலி

அரசு நடத்தும் வானொலி எல்லாம் பொது வானொலி ஆகிவிடாது. மக்களின் பணத்தில் நடந்தாலும், எதை ஒலிபரப்புவது என்பதை ஆட்சியில் இருப்பவர் அல்லாமல் ஆசிரியர் குழுவே முடிவு செய்கிற நிறுவனத்தைத்தான் அப்படி அழைக்கிறோம். பணம் வரும் வழி நாட்டுக்கு நாடு மாறுகிறது. 1922இல் ஒரு கம்பெனியாகத் தொடங்கி 1927இல் அரச சாசனம் பெற்ற கழகமாக மாறிய பி.பி.சி.க்குப் பிரிட்டனின் வீடுகள் உரிமக் கட்டணம் செலுத்துகின்றன. ஜெர்மனியிலும் வீட்டுக்கு இவ்வளவு என்று கட்டணம் உண்டு. பிரான்சு 2022இல் அந்தக் கட்டணத்தை நீக்கிவிட்டு வரி வருவாயில் ஒரு பங்கை ஒதுக்குகிறது. அமெரிக்காவில் நேயர்களின் நன்கொடையும் நிறுவனங்களின் ஆதரவும்தான் முதுகெலும்பு. 1967ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே வந்துகொண்டிருந்த நடுவண் அரசின் நிதியையும் அந்நாட்டு நாடாளுமன்றம் 2025இல் திரும்பப் பெற்றுக்கொண்டது.

ஒரு நிலையம் உண்மையிலேயே சுதந்திரமாக இயங்குகிறதா என்று அறிய நான் பயன்படுத்தும் உரைகல் எளிமையானது: அது தன்னைப் பற்றிய செய்தியை எப்படிச் சொல்கிறது என்று பார்ப்பேன். அமெரிக்காவின் பொது வானொலி நிறுவனமான என்.பி.ஆர். தன் நிர்வாகத்தைப் பற்றிச் செய்தி வெளியிடும்போது, தங்கள் நிறுவனத்தின் உயர் அதிகாரிகளோ செய்திப் பிரிவின் மேலாளர்களோ இந்தச் செய்தியை வெளியீட்டுக்கு முன் பார்வையிடவில்லை என்ற குறிப்பையும் சேர்த்தே தருகிறது. தன் வீட்டுச் சண்டையை இப்படித் திண்ணையில் வைத்துப் பேசத் துணிகிற நிலையம் பிறர் வீட்டுச் செய்தியையும் ஓரளவு நேர்மையாகச் சொல்லும் என்று நம்பலாம். தன்னைப் பற்றிப் பாராட்டு மட்டுமே ஒலிபரப்புகிற நிலையத்தின் இசை நிகழ்ச்சியைக் கேட்கலாம். அதன் செய்தி அலசலை எச்சரிக்கையோடுதான் கேட்க வேண்டும்.

நிலையத்திலிருந்து நிகழ்ச்சிக்கு

பெரிய நிலையங்கள் அனைத்தும் தங்கள் இணையதளத்தில் நிகழ்ச்சிகளின் முழுப் பட்டியலை வைத்திருக்கின்றன. செய்தி, விளையாட்டு ஆகிய பிரிவுகளை முதலில் ஒதுக்கிவிடுங்கள், ஏனெனில் இரண்டும் சில நாட்களில் பழசாகிவிடும். 'ஆவணம்', 'வரலாறு', 'அறிவியல்', 'சிந்தனை' என்ற தலைப்புகளில் இருப்பவைதான் பத்து ஆண்டுகள் கழித்துக் கேட்டாலும் உயிரோடு இருக்கும். பட்டியலில் தொடங்கிய ஆண்டு குறிப்பிடப்பட்டிருந்தால் அதையும் கவனியுங்கள். கனடாவின் சி.பி.சி. நடத்தும் 'குவர்க்ஸ் அண்ட் குவார்க்ஸ்', ஆஸ்திரேலியாவின் ஏ.பி.சி. நடத்தும் 'தி சயின்ஸ் ஷோ' என்ற இரண்டு அறிவியல் நிகழ்ச்சிகளும் ஒரே ஆண்டில், 1975இல், தொடங்கியவை. ஒன்றையொன்று பார்த்துப் பிறந்தவை அல்ல என்றாலும் ஒரே செய்தியை இரண்டும் எப்படிக் கையாளுகின்றன என்று அடுத்தடுத்துக் கேட்டால், ஆய்வாளரைக் கேள்வி கேட்கும் இரு வேறு பாணிகள் புலப்படும். சி.பி.சி.யின் 'ஐடியாஸ்' 1965 முதல் வருகிறது. ஒரு மணி நேரத்தை ஒரே கருத்துக்குக் கொடுக்கத் தயங்காத நிகழ்ச்சி அது. பொறுமை உள்ளவருக்குப் புதையல், இல்லாதவருக்குத் தூக்க மருந்து.

அமெரிக்காவில் இந்த வழி சற்றே குழப்பும். என்.பி.ஆர். என்பது ஒரு நிலையம் அன்று. 1970இல் தொடங்கப்பட்டு, 1971 மே 3 அன்று 'ஆல் திங்ஸ் கன்சிடர்ட்' மூலம் அன்றாட ஒலிபரப்புக்கு வந்த அந்த நிறுவனம் நிகழ்ச்சிகளைத் தயாரித்து, தனித்தனி நிர்வாகம் கொண்ட உறுப்பு நிலையங்களுக்குக் கொடுக்கிறது. உறுப்பு நிலையங்களும் தாமே நிகழ்ச்சிகள் தயாரிக்கின்றன. பலர் என்.பி.ஆர். நிகழ்ச்சி என்று நினைக்கும் 'திஸ் அமெரிக்கன் லைஃப்' 1995இல் சிகாகோவின் நிலையத்தில் பிறந்தது. 'ரேடியோலேப்' நியூயார்க் நிலையத்தின் பிள்ளை. 'ஃபிரெஷ் ஏர்' பிலடெல்பியாவில் தயாராகி என்.பி.ஆர். வழியாக வருகிறது. ஆகவே என்.பி.ஆர். தளத்தின் பட்டியலோடு நின்றுவிட்டால் பாதி தோட்டத்தைத்தான் பார்த்திருப்பீர்கள். சிகாகோ, நியூயார்க், பாஸ்டன், லாஸ் ஏஞ்சலிஸ் ஆகிய நகர நிலையங்களின் தளங்களுக்கும் ஒருமுறை போய் வாருங்கள்.

சிறிய நாடுகளின் வானொலியை யாரும் பரிந்துரைப்பதில்லை; எனக்கோ அவற்றில்தான் அதிகம் கிடைத்திருக்கிறது. நியூசிலாந்தின் ஆர்.என்.இசட். 'பிளாக் ஷீப்' என்ற தொடரில் தன் நாட்டு வரலாற்றின் ஏமாற்றுக்காரர்கள், கொடியவர்கள், அவப்பெயர் பெற்றவர்கள் ஆகியோரை ஒருவர் பின் ஒருவராக எடுத்துக்கொண்டு, அவர்கள் உண்மையிலேயே அவ்வளவு மோசமா என்று ஆராய்கிறது. அயர்லாந்தின் ஆர்.டி.ஈ. நடத்தும் 'டாக்குமெண்டரி ஆன் ஒன்' சாதாரண மனிதர்களின் வாழ்க்கையை வைத்தே பல ஆண்டுகளுக்கான உரைச்சித்திரங்களைக் குவித்துள்ளது. உள்ளூர் நேயருக்காகச் செய்யப்பட்டவை என்பதால் இவற்றில் வெளியாருக்கான விளக்கவுரை குறைவு. முதல் பத்து நிமிடம் பெயர்களில் தடுமாறுவீர்கள். அதன் பிறகு வேற்று ஊர் ஒன்றின் பேச்சை ஒட்டுக்கேட்கும் சுகம் வந்துவிடும்.

சொற்பொழிவுகள் என்ற குறுக்கு வழி

எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை என்பவருக்கு நான் காட்டும் வாசல் ஆண்டுச் சொற்பொழிவுகள்தான். பி.பி.சி. தன் முதல் தலைமை இயக்குநரின் பெயரில் 1948 முதல் ரீத் சொற்பொழிவுகளை நடத்துகிறது. முதல் ஆண்டில் பேசியவர் பெர்ட்ரண்ட் ரசல். ஏ.பி.சி. 1959 முதல் பாயர் சொற்பொழிவுகளையும், சி.பி.சி. 1961 முதல் மாசி சொற்பொழிவுகளையும் ஒலிபரப்புகின்றன. மூன்றும் ஒரே அச்சில் வார்த்தவை: ஒருவரைத் தேர்ந்தெடுத்து, ஒரே பொருளில் தொடர்ச்சியாகப் பல உரைகள் ஆற்றச் செய்வது.

ரீத் சொற்பொழிவுகளின் எஞ்சியுள்ள பழைய ஒலிப்பதிவுகளை, 1948 முதல் 1975 வரை ஒரு பாட்காஸ்ட்டாகவும் 1976 முதல் மற்றொன்றாகவும் பி.பி.சி. வெளியிட்டிருக்கிறது. முதல் தொகுப்பைத் திறந்து 1953க்குப் போனால் அணுகுண்டுத் திட்டத்தின் அறிவியல் தலைவராக இருந்த ஓப்பன்ஹைமர் அறிவியலையும் பொதுப் புரிதலையும் பற்றிப் பேசுவதைக் கேட்கலாம். இசை கிடையாது, முன்னோட்டம் கிடையாது. எழுதி வைத்ததைப் படிக்கும் ஒரு குரல் மட்டும். இப்போதைய ரீத் உரைகளில் அரங்கில் அமர்ந்திருப்போர் உரையின் முடிவில் கேள்வி கேட்கிறார்கள், பல சமயம் உரையைவிட அதுவே சூடாக இருக்கிறது. மாசி வரிசையில் 1967ஆம் ஆண்டின் உரைகளை நிகழ்த்தியவர் மார்ட்டின் லூதர் கிங். அடுத்த ஏப்ரலில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு கேட்கும்போது, வியட்நாம் போரைப் பற்றி அவர் நிறுத்தி நிதானமாகச் சொல்லும் வாக்கியங்கள் வேறு கனம் பெறுகின்றன.

ஆட்களைப் பின்தொடர்தல்

ஒரு நிகழ்ச்சி பிடித்துப்போனால் அதன் கடைசி நிமிடத்தைத் தவறவிடாதீர்கள். தயாரிப்பாளர், ஒலிக்கலவை செய்தவர், ஆசிரியர் ஆகியோரின் பெயர்கள் அங்கேதான் சொல்லப்படுகின்றன. தொகுப்பாளரின் குரலை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால் எந்தப் பேட்டியை எங்கே வெட்டுவது, எந்த மௌனத்தை விட்டுவைப்பது என்று முடிவெடுப்பவர் தயாரிப்பாளர். அவர் பெயரை ஒரு தாளில் குறித்துக்கொண்டு, பிறகு தேடுபொறியில் அந்தப் பெயரோடு 'வானொலி', 'ஆவணம்' என்ற சொற்களை அந்த நாட்டு மொழியில் சேர்த்துத் தேடினால், அவர் வேறு நிலையங்களுக்குச் செய்து கொடுத்த நிகழ்ச்சிகளும் வெளிவரும். நல்ல தயாரிப்பாளர்கள் நாடு விட்டு நாடு போய் வேலை செய்கிறவர்கள்.

விருதுப் பட்டியல்களும் இதே வேலையைச் செய்யும். 1948இல் இத்தாலியின் காப்ரித் தீவில் தொடங்கிய பிரிக்ஸ் இத்தாலியா, 1987இல் தொடங்கிய பிரிக்ஸ் யூரோப்பா, அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகம் வழங்கும் பீபாடி விருது ஆகியவை வானொலி ஆக்கங்களைத் தனியாகவே மதிப்பிடுகின்றன. புலிட்சர் பரிசிலும் 2020 முதல் ஒலி இதழியலுக்கு இடம் உண்டு. அந்த முதல் பரிசைப் பெற்றதில் 'திஸ் அமெரிக்கன் லைஃப்' குழுவும் இருந்தது. வென்றதை மட்டும் பார்க்காமல் இறுதிச் சுற்றுக்கு வந்தவற்றின் பட்டியலையும் பாருங்கள். நடுவர் குழு ஒருமனதாக ஒத்துக்கொள்வது பல சமயம் பாதுகாப்பான ஆக்கத்தைத்தான். துணிச்சலானது இரண்டாம் இடத்தில் நின்றிருக்கும்.

தேடும்போது கவனிக்க வேண்டியவை

பாட்காஸ்ட் என்பது அடிப்படையில் ஆர்.எஸ்.எஸ். ஓடை என்ற ஓர் உரைக் கோப்புதான். ஒவ்வொரு பகுதியின் தலைப்பு, நாள், ஒலிக்கோப்பின் முகவரி ஆகியவை அதில் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். செயலி அதை அவ்வப்போது படித்துப் புதியது வந்தால் நமக்குச் சொல்கிறது. ஆப்பிள் 2005இல் தன் ஐடியூன்ஸ் மென்பொருளில் இதைச் சேர்த்த பிறகுதான் இது பரவலானது. ஆனாலும் ஓடை எந்த ஒரு நிறுவனத்துக்கும் சொந்தமில்லை. இதைப் புரிந்துகொண்டால் பாதிச் சிக்கல் தீரும். உங்கள் செயலியில் ஒரு நிகழ்ச்சி கிடைக்கவில்லை என்றால், நிலையத்தின் தளத்தில் இருக்கும் ஓடை முகவரியை நகலெடுத்துச் செயலியின் தேடல் கட்டத்திலோ முகவரி சேர்க்கும் இடத்திலோ ஒட்டுங்கள். ஆன்டெனாபாட், பாக்கெட் காஸ்ட்ஸ், ஓவர்காஸ்ட் போன்றவை அதை ஏற்றுக்கொள்ளும். யாரும் பயன்படுத்தலாம் என்ற நோக்கோடு 2020இல் தொடங்கப்பட்ட பாட்காஸ்ட் இண்டெக்ஸ் என்ற திறந்த அட்டவணையிலும் தேடிப் பார்க்கலாம்.

அதே பெயரில் வேறு நிகழ்ச்சிகள் இருக்கும். பொது வானொலியின் பழைய பகுதிகளை எடுத்துத் தாமே மறுபடியும் ஏற்றிவைப்பவர்களும் உண்டு. நிகழ்ச்சிப் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் வெளியீட்டாளர் பெயர் நிலையத்தின் பெயராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டே பின்தொடருங்கள்.

சில நிலையங்கள் புதிய பகுதியை முதலில் தங்கள் சொந்தச் செயலியில் வெளியிட்டு, சில வாரங்கள் கழித்தே பொது ஓடையில் விடுகின்றன. சில செயலிகள் நாட்டு எல்லைக்கு வெளியே இயங்குவதில்லை. பி.பி.சி. தன் 'சவுண்ட்ஸ்' செயலியைப் பிரிட்டனுக்கு வெளியே இருப்பவர்களுக்கு 2025 ஜூலையில் மூடிவிட்டது. ஆனால் அதன் பாட்காஸ்ட்கள் பிற செயலிகளில் தொடர்ந்து கிடைக்கின்றன. ஆகவே 'உங்கள் பகுதியில் கிடைக்காது' என்ற அறிவிப்பைக் கண்டதும் திரும்பிவிடாமல் ஓடையைத் தேடுங்கள்.

பின்தொடரும் பட்டியலை ஓ.பி.எம்.எல். என்ற கோப்பாக ஏற்றுமதி செய்து ஓரிடத்தில் வைத்துக்கொள்வதும் நல்லது. 2024இல் கூகுள் பாட்காஸ்ட்ஸ் மூடப்பட்டபோது அந்தக் கோப்பைக் கையில் வைத்திருந்தவர்கள் சில நிமிடங்களில் வேறு செயலிக்குக் குடிபெயர்ந்தார்கள்.

கேட்டுப் பார்த்துத் தேர்தல்

புதிய நிகழ்ச்சியின் ஆக அண்மைய பகுதியை முதலில் கேட்பது தவறான தொடக்கம். பழைய பகுதிகளின் பட்டியலில் இறங்கி, உங்களுக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த ஒரு பொருளைப் பற்றிய பகுதியைக் கேளுங்கள். உங்கள் தொழிலாக இருக்கலாம், நீங்கள் ஆண்டுக்கணக்கில் படித்த ஒரு காலகட்டமாக இருக்கலாம். அதில் அவர்கள் தவறு செய்யாமல், உங்களுக்குத் தெரியாத ஒன்றையும் சொல்லிவிட்டால், உங்களுக்குத் தெரியாத பொருள்களிலும் அவர்களை நம்பலாம். நான் இரண்டு புகழ்பெற்ற தொடர்களை இந்தச் சோதனையில்தான் கைவிட்டேன். இரண்டிலும் குரல் இனிமையாக இருந்தது, சொன்னது அரைகுறையாக இருந்தது.

இந்தச் சோதனைக்குப் பி.பி.சி.யின் 'இன் அவர் டைம்' மிகவும் ஏற்றது, ஏனெனில் அதன் பழைய பகுதிகள் ஆயிரத்தைத் தாண்டுகின்றன. இலக்கியம், கணிதம், மதம், உயிரியல் என்று எந்தப் பொருளைத் தேடினாலும் ஏதாவது ஒன்று அகப்படும். 1998 முதல் 2025 வரை மெல்வின் பிராக் நடத்திய அந்த நிகழ்ச்சியின் அமைப்பு, தொடக்க ஆண்டுகளுக்குப் பிறகு, பெரிதாக மாறவில்லை. ஒரு தொகுப்பாளர், மூன்று பேராசிரியர்கள், முக்கால் மணி நேரம், பின்னணி இசை இல்லை. பாட்காஸ்ட் வடிவத்தில் நேரடி ஒலிபரப்பில் இல்லாத ஒரு வால்பகுதி உண்டு. நேரம் முடிந்த பிறகும் ஒலிவாங்கி ஓடிக்கொண்டிருக்க, சொல்லாமல் விட்டது என்ன என்று பிராக் கேட்பார். அதுவரை அடக்கமாகப் பேசிய மூவரும் ஒருவர் பேச்சில் ஒருவர் புகுந்து அடுக்கத் தொடங்குவார்கள். தயாரிப்பாளர் உள்ளே வந்து தேநீரா காப்பியா என்று கேட்பதோடு அது முடியும். எனக்குப் பல வாரங்களில் அந்தச் சில நிமிடங்களே முழு நிகழ்ச்சிக்கும் சமமாக இருந்திருக்கின்றன. ஒவ்வொரு பகுதிக்கும் உரிய இணையப் பக்கத்தில் மேலும் படிப்பதற்கான நூல்பட்டியலும் உண்டு.

அவ்வளவு நேரம் இல்லாதவர்கள் பி.பி.சி. உலக சேவையின் 'விட்னஸ் ஹிஸ்டரி'யை எடுத்துக்கொள்ளலாம். பத்து நிமிடத்துக்குள், ஒரு வரலாற்று நிகழ்வின்போது அங்கே இருந்த ஒருவரே அதைச் சொல்கிறார். எண்களைக் கொண்டு ஏமாற்றப்படுவதை வெறுப்பவர்களுக்கு 'மோர் ஆர் லெஸ்'. செய்திகளில் உலவும் புள்ளிவிவரங்களைப் பிரித்து மேய்வதே அதன் தொழில்.

உரைச்சித்திர வகையைக் கேட்கும்போது மட்டும் செயலியின் இரண்டு வசதிகளை அணைத்துவிடுங்கள். ஒன்று வேகத்தைக் கூட்டுவது, மற்றொன்று மௌனங்களை வெட்டிவிடுவது. செய்தி அலசலை ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்பதால் குற்றமில்லை. ஆனால் ஒரு பெண் தன் இறந்துபோன தம்பியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்து நான்கு நொடி பேசாமல் இருக்கும் இடத்தைச் செயலி அரை நொடியாக்கிவிட்டால், தயாரிப்பாளர் செய்த வேலை முழுவதும் வீணாகிவிடும்.

இசை நிகழ்ச்சிகளில் வேறொரு குறை உண்டு. ஒலிபரப்பில் ஒரு பாடலை முழுவதும் போடும் உரிமை பாட்காஸ்ட்டுக்கும் பொருந்தாது என்பதால், 1942 முதல் நடக்கும் 'டெசர்ட் ஐலண்ட் டிஸ்க்ஸ்' போன்ற நிகழ்ச்சிகளின் பாட்காஸ்ட் வடிவில் பாடல்கள் சில நொடிகளிலேயே நறுக்கப்பட்டிருக்கும். விருந்தினரின் பேச்சுக்காகக் கேட்கலாம். இசைக்காகத்தான் என்றால் நிலையத்தின் தளத்திலேயே கேட்டுவிடுங்கள்.

ஆங்கிலத்துக்கு அப்பால்

ஆங்கிலத்தோடு நிறுத்திக்கொண்டால் உலகம் முழுவதும் தேடியதாகச் சொல்ல முடியாது. 2011இல் தொடங்கப்பட்ட 'ரேடியோ அம்புலாந்தே' இலத்தீன் அமெரிக்க நாடுகள் அனைத்திலிருந்தும் ஸ்பானிய மொழியில் கதைகள் சொல்கிறது. 2016 முதல் என்.பி.ஆர். அதை வெளியிட்டது. அதன் தளத்தில் பல பகுதிகளுக்கு ஸ்பானிய எழுத்து வடிவத்தோடு ஆங்கில மொழிபெயர்ப்பும் இருப்பதால், ஸ்பானியம் அரைகுறையாகத் தெரிந்தவர் கண்ணால் படித்துக்கொண்டே காதால் பின்தொடரலாம். பிரான்சின் ஃபிரான்ஸ் குல்த்தூர் நிலையத்தின் 'லே பியே சூர் தேர்' 2002 முதல் வருகிறது; அரை மணிக்குள், தமக்கு நேர்ந்ததைச் சாதாரண மக்கள் தாமே சொல்கிறார்கள், கேள்வி கேட்பவரின் குரல் பெரும்பாலும் கேட்பதே இல்லை.

மொழியைக் கற்றுக்கொண்டிருப்பவர்களுக்கு பிரான்சின் வெளிநாட்டு ஒலிபரப்பான ஆர்.எஃப்.ஐ.யின் எளிய பிரெஞ்சுச் செய்தியும், ஜெர்மனியின் வெளிநாட்டு ஒலிபரப்பான டாய்ச்ச வெல்லெ மெதுவாக வாசிக்கும் ஜெர்மன் செய்தியும் எழுத்து வடிவத்தோடு கிடைக்கின்றன. ஆப்பிளின் செயலி 2024 முதல் ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானியம், ஜெர்மன் ஆகிய மொழிகளில் தானாகவே எழுத்து வடிவம் தருகிறது. இடப்பெயர்களில் அது தடுக்கி விழும், மற்றபடி உதவும். தமிழிலேயே கேட்க விரும்புவோர் ஆஸ்திரேலியப் பொது ஒலிபரப்பு நிறுவனமான எஸ்.பி.எஸ். நடத்தும் தமிழ்ச் சேவையின் பாட்காஸ்ட்டையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்.

கேட்டது கைவிட்டுப் போகாமல் இருக்க

பொது வானொலியின் காப்பகம் நிரந்தரம் என்று எண்ணிவிடக் கூடாது. உரிமைக் காலம் முடிவதாலும், ஓடையில் கடைசி நூறு பகுதிகளை மட்டும் வைத்திருக்கும் வழக்கத்தாலும், நிதி வெட்டாலும் பழையவை மறைகின்றன. பிறகு கேட்கலாம் என்று நான் குறித்துவைத்திருந்த ஆறு பகுதித் தொடர் ஒன்றின் முதல் நான்கு பகுதிகள், நான் போய்ச் சேரும் முன்பே ஓடையிலிருந்து உதிர்ந்துவிட்டன. கடைசி இரண்டைக் கேட்டு, முன்கதையை ஊகித்துக்கொண்டேன். அதிலிருந்து, பிடிக்கும் என்று தோன்றுகிற தொடரை அன்றே பதிவிறக்கம் செய்துவிடுகிறேன். செயலியில் தானாக அழிக்கும் வசதி இயங்கிக்கொண்டிருந்தால் அந்த நிகழ்ச்சிக்கு மட்டும் அதை நிறுத்திவையுங்கள்.

பட்டியல் நீளும்போது நிலுவை எண்ணிக்கையே ஒரு கடன் போல அழுத்தும். நான் ஒரே நேரத்தில் எட்டு நிகழ்ச்சிகளுக்கு மேல் பின்தொடர்வதில்லை. ஒன்பதாவது வரும்போது, கடந்த இரண்டு மாதங்களில் ஒரு பகுதியையேனும் முழுவதும் கேட்காத நிகழ்ச்சி எதுவோ அதை நீக்கிவிட்டு, அதன் பெயரை மட்டும் தனித் தாளில் எழுதிவைக்கிறேன். ஓராண்டு கழித்து அந்தத் தாளை எடுத்துப் பார்க்கும்போது சில பெயர்கள் மீண்டும் உள்ளே வருகின்றன.